சாவுக்குப் பின்னால் நின்ற ஆட்டோ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆட்டோக்காரனுக்கு அதுவும் இல்லாவிட்டால் பிழைப்பு ஏது என்று என் மனைவி சாரதாவே கேலி செய்வாள். அன்று காலை அவளுக்கு நெஞ்சுவலி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். நாங்கள் இருக்கும் நந்திதுர்க்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேர் ரோட்டில் ஐந்தே நிமிடம்.

சர்க்கிளில் விநாயக் என்ற புது கான்ஸ்டபிள் விசில் ஊதி, பாலகாட் பக்கம் திரும்பச் சொல்லிக் கை காட்டினான். அது சுற்று வழி.

"ஊருக்கு வந்து மூணு மாசம் ஆவல, எனக்கு ரோடு காட்றான்" என்று முனகிக்கொண்டு நேராகவே விட்டேன். என்னைப் பார்த்து இரண்டு டெம்போக்களும் விசிலை மதிக்காமல் பின்னால் வந்தன.

அடுத்த வளைவில் சாவு ஊர்வலம். ரோடு முழுக்க ஜனம், மேளம், வெடி. திரும்பலாமென்றால் டெம்போக்கள் அடைத்துக்கொண்டு நின்றன.

எங்கள் ஊரில் சாவுக்குப் பின்னால் ஹார்ன் அடிக்க மாட்டோம். தங்கச் சுரங்கத்தில் விபத்து நடந்து, ஷாஃப்ட் குழியிலிருந்து பிணங்களை மேலே கொண்டுவந்த காலத்து வழக்கம் அது. வண்டியை அணைத்து, இறங்கி, பாடை கண்ணை விட்டு மறையும்வரை நிற்க வேண்டும். யோசிப்பதற்குள் என் கை சாவியைத் திருப்பிவிட்டது.

"இன்னா சாரதா, ஹார்ன் அடிக்கட்டா?"

"ஐய, வேணாங்க. சாவுக்குப் போயி அடிப்பாங்களா? எறங்கி நில்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். முன்பின் தெரியாத பிணத்துக்கு மரியாதை செய்தேன், பாவி. கால் மணி நேரம் கழித்து ஊர்வலம் வேறு ரோட்டில் திரும்பி மறைந்ததும் உள்ளே பார்த்தேன். சாரதாவின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தச் சாவு வீட்டுப் பையன் திலீப் வந்து அழுதான். "ஒரு ஹார்ன் அடிச்சிருந்தா அப்பாவ ஓரமா எறக்கி வெச்சிட்டு வழி விட்டிருப்போமே, அண்ணா!"

சாயங்காலம் விநாயக் வந்தார். கையில் என் வண்டி நம்பர் எழுதிய சீட்டு. மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"பாலகாட் ரோடு காலியா இருந்திச்சா சார்?"

அவர் தலை குனிந்தார். "காலிதான். ஆஸ்பத்திரிக்கு ஏளு நிமிஷம் ஆயிருக்கும்."

சீட்டை மடித்துப் பையில் வைக்கப் போனார். நான் விடவில்லை.

"கேஸ் எழுதுங்க சார். நீங்க சொன்னத நான் கேக்கல. எழுதுங்க."

அவர் எழுதவே இல்லை.