பாறை மீனுக்கு எத்தனை நடு

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி சரளா மெஸ் என்று ஒரு கடை உண்டு. ஆறு மேசை, கை கழுவ ஒரு குழாய், மதியம் மட்டும் மீன் சாப்பாடு. வெளியூர் பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்துப் புது பஸ் நிலையத்துக்குப் போன பிறகு, பெட்டியும் கையுமாக வந்து அவசரமாகச் சாப்பிட்டு ஓடுகிற கூட்டமும் அந்த பஸ்களோடு போய்விட்டது. மிச்சம் நின்றது அக்கம்பக்கத்தில் வேலை செய்கிற பதினைந்து இருபது பேர்தான்.

மீன் கொண்டுவருவது சரளாவின் தம்பி எத்திராஜ். கோவளத்தில் சொந்தப் படகு வைத்திருக்கிறான். காலையில் ஒரு கூடை பாறை மீனை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவான். நாலைந்து மாதமாக அக்கா பாதிக் கூடைதான் எடுக்கிறாள். மீதியை அவன் வெயிலில் சுமந்து தெருத்தெருவாக விற்க வேண்டியிருந்தது. அதில் அவனுக்கு அலுத்துவிட்டது. திங்கட்கிழமை கூடையை இறக்கிவிட்டுச் சொன்னான்.

"யக்கா, பெருங்குடில ஒரு ஓட்டல்காரன் டெய்லி முழுக் கூடை கேக்கறான். நான் ஞாயித்துக்கெழம வரிக்கும் பாக்கறேன். அன்னிக்கு கூடை முழுசா இங்க போச்சுன்னா மீனு உனக்கு. போவலன்னா மறுநாள்லேர்ந்து அவனுக்கு."

"கூடப் பொறந்தவகிட்டயே கெடு வெக்கிறியாடா?"

"டீசல் ஊத்தறவன் கூடப் பொறக்கலியே."

சரளா கூடையை உள்ளே இழுத்தாள். அவனுடைய மீன் இல்லாவிட்டால் மெஸ் இல்லை. ஐஸில் நாலு நாள் கிடந்ததை வாங்கிக் குழம்பு வைத்து, தன் பெயர் எழுதிய போர்டுக்குக் கீழே நின்று பரிமாற அவளால் முடியாது. அதற்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம்.

மறுநாளே வினிதாவைக் கூப்பிட்டாள். வினிதா சேலையூர்ப் பெண், ஆன்லைனில் சாப்பாடு ஆர்டர் எடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. கடை கடையாகப் போய் அந்தந்த மெனுவை ஆப்பில் ஏற்றிக்கொடுப்பாள். முன்பு இரண்டு முறை வந்து, சாப்பிட்டு, கார்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

டேப்லெட்டை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மெனு ரொம்ப சின்னதா இருக்குக்கா. மீன் சாப்பாடுன்னு ஒரே ஐட்டம் போட்டா யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க. கஸ்டமைசேஷன் வைக்கணும். அவங்களே தேர்ந்தெடுக்கிற மாதிரி. காரத்துல இருந்து வரலாமா? கம்மி, மீடியம், அதிகம்."

"ஒரே குண்டான், ஒரே கொழம்பு. கம்மிக்கு நான் எங்க போவேன்?"

"கொஞ்சம் தண்ணி கலந்துக்கலாமேக்கா."

அருவாமனையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஞானம்மாளின் கை நின்றது. ஞானம்மாள் இருபது வருஷமாக இந்தக் கடைக்கு மீன் வெட்டுகிறவள். வினிதா அவள் முகத்தைப் பார்த்தாள், காரம் என்று எழுதியதை அழித்துவிட்டாள்.

சாதம் குழைவாகவா உதிரியாகவா என்பதற்கும் அதே கதி. வறுத்த மத்தி கூடுதலாக வேண்டுமா என்பதற்குச் சரளா சம்மதித்தாள். 'குழம்பு மட்டும், துண்டு வேண்டாம்' என்பதற்கும் சம்மதித்தாள், சின்னப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் அப்படிக் கேட்பதுண்டு. பிறகு வினிதா கேட்டாள்.

"துண்டு? தலை, நடு, வால்?"

"அத கேக்கக் கூடாது."

"ஏன்க்கா?"

சரளாவின் கடையில் துண்டு முறைப்படி போகும். முதல்முறை வருகிறவருக்கு நடுத்துண்டு. அப்புறம் தலை, அப்புறம் வால், மறுபடி நடு. யாருக்கு நேற்று எது போயிற்று என்று அவளுக்கு முகம் பார்த்தால் ஞாபகம் வரும். பிறந்த மீனவர் குப்பத்தில் அவள் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கேட்டு வாங்குவது என்ற பேச்சே கிடையாது.

"முறைன்னு ஒண்ணு கீது," என்றாள்.

"முறைய ஆப்புல எப்படிக்கா போடறது? ஆப்ஷன் இருந்தாதான் ஆர்டர் வரும். கட்டாயம்னு போட்டுடறேன். மூணுல ஒண்ணு தொடாம அடுத்த பக்கத்துக்கே போக முடியாது."

ஆர்டர் வரும் என்றதும் சரளா தலையாட்டினாள். வினிதா மூன்றையும் போட்டாள்.

புதன்கிழமை முழுக் கூடை எடுத்தார்கள். ஆறு பெரிய பாறை, ஒவ்வொன்றிலும் நடுவில் நாலைந்து துண்டு, தலையில் இரண்டு, வாலில் மூன்று. பதினொன்றரைக்கு ஆப் மணி அடித்தது, அப்புறம் விடாமல் அடித்தது. இருபத்தெட்டு ஆர்டர். இருபத்தெட்டும் நடுத்துண்டு.

பன்னிரண்டே முக்காலுக்கு ஞானம்மாள் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"சரளா, தலையும் வாலும் மட்டுந்தான் மெதக்குது."

"ஆர்டர் வந்துகினே கீதேக்கா. எல்லாம் நடு."

"மீனுக்கு ஒரு நடுதான். வோணும்னா உன் தம்பிகிட்ட சொல்லு, நீட்டு நீட்டா புடிச்சினு வரட்டும்."

அன்று கடைக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தலை அல்லது வால். அப்படியும் பத்துத் துண்டு மிஞ்சியது. வியாழனும் அதேதான், ஆர்டர் ஒன்று கூடியது, துண்டும் ஒன்று அதிகமாக மிஞ்சியது.

ஜெயவேலு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவன், எட்டு வருஷமாக இங்கேதான் மதியச் சாப்பாடு. செவ்வாய்க்கிழமை அவன் முறைப்படி வால் சாப்பிட்டான். புதன்கிழமை நடு வரவேண்டும், வால் வந்தது. இலையைப் பார்த்தான், சாப்பிட்டுப் போனான். வியாழக்கிழமையும் வால்.

"யக்கா, என் முறை இன்னாச்சு?"

"நடு இல்லடா ஜெயவேலு. எல்லாம் போன்ல பூட்டுது."

"போன்லயா?"

"ஆமா."

ஜெயவேலு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். கல்லாவில் மணி அடித்து ஆர்டர் சீட்டு வந்தது. ஒரு மீன் சாப்பாடு, நடுத்துண்டு, பெயர் ஜெயவேலு, முகவரி சரளா மெஸ், உள்பக்கம், மூன்றாவது மேசை.

சரளா அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தாள். ஒரு நடுத்துண்டு வேறு யாருக்கோ கட்டிவைத்தது பையில் இருந்தது. ஆர்டர் வந்துவிட்டது, மறுக்க முடியாது. அதை எடுத்து இவன் பெயரைப் போட்டாள். பத்து நிமிஷம் கழித்து டெலிவரிக்காரர் ஹெல்மெட்டோடு வந்தார். பையை வாங்கினார், போனைப் பார்த்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்து மூன்றாவது மேசையில் வைத்தார்.

"ஓடிபி சொல்லுங்க சார்."

ஜெயவேலு நாலு எண்ணைச் சொன்னான். டெலிவரிக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஜெயவேலு பொட்டலத்தைப் பிரித்து, வாலை ஓரம் தள்ளி, நடுவை இலையில் வைத்துக்கொண்டான்.

"வெக்கமா இல்லியாடா உனக்கு?"

"உன்கிட்ட வாய் தொறந்து கேக்கறதுன்னா வெக்கந்தான்க்கா. போனுக்கு மூஞ்சி ஏது?"

சரளா அன்று சாயங்காலம் முழுக்க அதையே யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை மெஸ் விடுமுறை, பாதிப்பேர் அன்று கவுச்சி தொட மாட்டார்கள். வினிதாவை வரச்சொல்லியிருந்தாள். வினிதா விஷயத்தைக் கேட்டவுடனே வழி சொன்னாள்.

"ஈஸிக்கா. நடுத்துண்டுக்கு நாப்பது ரூபா ஏத்திடலாம். வாலுக்கு பத்து ரூபா குறைச்சிடலாம். தானா சரியாயிடும்."

"காசு வெச்சா அது ஏலம். ஏலம் கடக்கரையோட முடிஞ்சிடும். சோத்துத் தட்டுல ஏலம் உடக்கூடாது."

"அப்ப என்னதான் போடறது?"

"தலையா நடுவான்னு கேக்காத. நேத்து இன்னா வந்துச்சுன்னு கேளு."

வினிதா புரியாமல் பார்த்தாள். சரளா விரல் விட்டுச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். முதலாவது, 'இன்னிக்கு எது வருதோ அது.' அப்புறம் 'முதல் தடவை சாப்பிடுறேன்.' 'போன தடவை தலை வந்துச்சு.' 'போன தடவை வால் வந்துச்சு.' 'போன தடவை நடு வந்துச்சு.'

"பொய் சொன்னா என்னக்கா பண்ணுவீங்க?"

"பேரு வரும், நம்பரு வரும். ரெண்டாம் நாளும் ஒருத்தன் முதல் தடவைன்னு போட்டான்னா நான் போன் பண்ணி விசாரிப்பேன்."

வினிதா சேமிக்கப் பார்த்தாள். ஆப் ஏற்கவில்லை. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் சைவமா அசைவமா என்று பச்சையோ சிவப்போ புள்ளி வைத்தாக வேண்டுமாம்.

"'போன தடவை வால் வந்துச்சு' இது சைவமாக்கா, அசைவமா?"

மூவரும் யோசித்தார்கள்.

"வால் அசைவம்," என்றாள் சரளா.

"வந்தாச்சு, துன்னாச்சு. அசைவந்தான்," என்றாள் ஞானம்மாள். "அந்த முதல் தடவைக்கு பச்சைப் புள்ளி வை. அவன் இன்னும் எதும் துன்னல."

வினிதா பச்சை வைத்தாள். ஆப் ஏற்றுக்கொண்டது. எழுந்து போகும்போது ஒரு தகவலும் சொன்னாள்.

"மேல இருக்கறத நான் முன்னாடியே டிக் பண்ணி வெச்சிருக்கேன்க்கா. முக்காவாசிப் பேர் அதைப் படிக்கவே மாட்டாங்க, அப்படியே போயிடுவாங்க."

சனிக்கிழமை அவள் சொன்னபடியேதான் நடந்தது. எது வந்தாலும் சரி என்று வந்த ஆர்டர்களுக்குத் தலையையும் வாலையும் நடுவையும் சரளா மாற்றி மாற்றி அனுப்பினாள். ஜெயவேலு மேசையில் உட்கார்ந்தான், போனை எடுக்கவில்லை. அவனுக்குத் தலை வந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"வியாழக்கெழம நடு துன்னியே. கணக்கு அதுலேர்ந்துதான்," என்றாள் சரளா.

அவன் சாதத்தைப் பிசைந்தான்.

சட்டியில் அன்று மிஞ்சியது நாலு தலை. சாயங்காலம் ஒரு புகாரும் வந்தது, ஒற்றை நட்சத்திரம், கூடவே போட்டோ. தலை தட்டில் அப்படியே கிடந்தது. 'இது எங்களைப் பார்க்கிறது' என்று எழுதியிருந்தார்கள். சரளா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கன்னத்துச் சதையக்கூடத் தொடலக்கா," என்று ஞானம்மாளிடம் காட்டினாள்.

"யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க."

சரளாவுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. வினிதாவுக்குப் போன் செய்து இன்னொரு வரி சேர்க்கச் சொன்னாள். 'தலை சாப்பிடத் தெரியாது.' வினிதா எந்தப் புள்ளி என்று கேட்கவில்லை, அவளே சிவப்பு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் முழுக் கூடையை இறக்கிவிட்டு, மூணு மணிக்கு வருகிறேன் என்று போனான். பன்னிரண்டுக்கெல்லாம் மேசை ஆறும் நிறைந்தது. பெரும்பாக்கத்தில் ஒரே கட்டடத்திலிருந்து ஏழு ஆர்டர், எல்லாம் முதல் தடவை, எல்லாருக்கும் நடு போயிற்று. பதினொரு பேர் தலை சாப்பிடத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். மாடம்பாக்கத்திலிருந்து துர்கா என்று ஒரு டீச்சர், 'போன தடவை நடு வந்துச்சு' என்பதைத் தொட்டிருந்தார். கீழே குறிப்பு எழுதும் இடத்தில், 'இரண்டு தடவை நடுதான் வந்தது, சொல்லிவிடுகிறேன்' என்றும் இருந்தது. சரளா அவருக்கு முறைப்படி தலை அனுப்பினாள்.

சிக்கல் தலையில் நின்றது. ஒன்றரை மணிக்கு வாலும் நடுவும் தீர்ந்து, தலை மட்டும் எட்டு மிதந்தது. தெரியாது என்றவர்களுக்குத் தலை அனுப்ப முடியாது. சரளா கரண்டியோடு கடைக்குள் வந்து நின்றாள்.

"யாருக்குத் தலை துன்னத் தெரியும்? கையத் தூக்குங்க."

நாலு கை உயர்ந்தது, நாலு இலையிலும் ஒன்றொன்று விழுந்தது. ஜெயவேலு மேலும் இரண்டு பார்சல் கேட்டான், ஒன்று அவன் மாமியாருக்கு. வாசலில் ஆர்டருக்கு நின்ற டெலிவரிக்காரர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தனக்கு ராமேஸ்வரம் பக்கம் என்றார். அவருக்கு ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை, யாரும் வரவில்லை.

மூணு மணிக்கு எத்திராஜ் வந்தான். முதலில் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். தண்ணீர் சொட்டியது. அப்புறம் அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தான்.

"ஒரு தலை கீது."

"கீது," என்றாள் சரளா.

"அப்ப முழுசா போவல."

"நீ துன்னியா?"

"இன்னும் இல்ல."

"குந்து."

அவன் நின்றான். சரளா ஒரு இலையைப் போட்டு, சாதம் வைத்து, பக்கத்தில் அந்தத் தலையை வைத்து, குழம்பை மேலே ஊற்றினாள். காலையிலிருந்து கடலிலும் ரோட்டிலும் அலைந்தவன், வாசனை மூக்குக்கு வந்ததும் உட்கார்ந்தான். கன்னத்துச் சதையைத் தோண்டினான், கண்ணை உறிஞ்சினான், முள்ளை ஒன்றொன்றாக எடுத்து இலையோரம் வரிசையாக வைத்தான். அக்காவும் ஞானம்மாளும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலையில் முள் தவிர ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"இப்ப போச்சு," என்றாள் சரளா.

எத்திராஜ் காலி இலையைப் பார்த்தான், காலிச் சட்டியைப் பார்த்தான். அப்புறம் இடது கையால் போனை எடுத்து, பெருங்குடிக்காரனுக்கு நாளைக்கு மீன் இல்லை என்று சொன்னான்.