முந்நூற்றை எழுநூறாக்கியவள்

இரண்டு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்த பெர்மெத், கதவைக் காலால் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது, படுக்கையறை வாசலுக்கு மேலே மாட்டியிருந்த கருவியின் சின்னத் திரையில் 412 என்றிருந்தது. காலையில் பார்த்தபோது 150தான். கருவி கத்தவில்லை. எப்படிக் கத்தும்? அதன் வாயை அடைத்தவளே அவள்தானே.

வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த ஏழாம் மாதத்தில் அந்தக் கருவியை அவளே செய்தாள். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். பார்த்துச் செய்தது, தலைநகர் பிஷ்கெக் சந்தையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று விற்ற ஒரு புத்தகத்தை. அட்டையில் ஒரு பொம்மை மனிதன் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். முதல் பாடம் விளக்கை எரியவைப்பது, ஒன்பதாம் பாடம் நச்சுக்காற்று வந்தால் அலறும் கருவி. இருபத்தாறு வயதில் அவள் முதல் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள். காரணம் மூன்றாம் வீடு. போன பனிக்காலத்தில் அந்த வீட்டு வாத்தியாரும் மனைவியும், கரி முழுசாக எரிந்து முடியும் முன்பே சூடு வீணாகக் கூடாதென்று புகைக்குழாயின் தகட்டைத் தள்ளி மூடிவிட்டுப் படுத்தார்கள். எழுந்திருக்கவில்லை. அவர்கள் ஊரான நாரின் முழுக்க அழுது புதைத்துவிட்டு வந்து, அவரவர் வீட்டில் தகட்டைத் தள்ளி மூடிக்கொண்டது. வெளியே மைனஸ் இருபத்தைந்து என்றால் மனுஷர் வேறென்ன செய்வார்கள்!

கருவி வேலை செய்யத்தான் செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. பிள்ளை பிறந்த விருந்தன்று போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்க எண்ணெய் காய்ந்ததும் வீடு அதிரக் கத்தியது. வந்திருந்த பெண்கள் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏன் கனிஷாய், உன் மருமக டப்பாக்குள்ள பிசாசைப் புடிச்சு அடைச்சு வச்சிருக்காளா?" என்றாள் ஒருத்தி.

"படிச்ச மருமக வேணும்னு கேட்டியே, அனுபவி!" என்றாள் இன்னொருத்தி.

மாமியார் கனிஷாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. பெர்மெத்தைச் சமையல் மூலைக்கு இழுத்து, "அதோட வாயை அடைக்கிறியா, நான் அடுப்புல போடட்டுமா?" என்றாள்.

அன்று சாயங்காலமே பெர்மெத் கணினியைத் திறந்து, தான் எழுதிய நிரலில் முந்நூறு என்றிருந்த எல்லையை எழுநூறாக்கினாள். ஒரே ஓர் இலக்கம். அந்த எண்ணை வசதிக்காக மாற்றக் கூடாது என்று பக்கத்தின் அடியில் புத்தகம் கட்டம் போட்டே சொல்லியிருந்தது. அதையும் படித்தாள். படித்துவிட்டுத்தான் மாற்றினாள். வந்து மூன்று வருஷமான மருமகளுக்குப் புத்தகமா பெரிது, மாமியாரா பெரிது?

இன்று யாரும் எண்ணெய் காய்ச்சவில்லை. ஆனால் மத்தியானம் மின்சாரம் போய், இப்போதுதான் வந்திருந்தது. மின்சாரம் வந்தவுடன் கருவி தாறுமாறாகப் பெரிய எண் காட்டும், சில நிமிஷத்தில் தானாக இறங்கும், அதுவரை நம்பாதே என்பது அதே ஒன்பதாம் பாடம். இது அதுவாக இருக்கலாம். அடுப்பைப் பார்த்தாள். தகடு முழுசாக உள்ளே தள்ளியிருந்தது. அறைக்குள் மாமியாரும் பிள்ளையும் தூங்குகிறார்கள். பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள். நாற்பது நாள் முடியாமல் வாசல்படி தாண்டக் கூடாது. இந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு ஓடி, எண் சும்மா இறங்கிவிட்டால்? பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டினால் ஊர் அவளை என்னவெல்லாம் பேசும்?

நின்று பார்த்தாள். 412. 409. அப்பாடா என்று மூச்சு விட்டாள். 410. 418. 431. இறங்க வேண்டியது ஏறியது. 466.

தகட்டை வெளியே இழுத்துவிட்டு அறைக்குள் பாய்ந்தாள். "அத்தே! எழுந்திரிங்க அத்தே!"

"தலை இடிக்குதுடி... போ அங்கிட்டு." நாக்குக் குழறியது.

"கரிக்காத்து அத்தே. வெளிய போவணும்."

"நாப்பது ஆவலைடி..." கனிஷாய் கண்ணைத் திறக்காமலே பிள்ளையின் மேல் கையைப் போட்டு அணைத்துக்கொண்டாள். "புள்ளையத் தொட்டே, கொன்னுடுவேன்."

பெர்மெத் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். இந்த வீட்டுக்கு வந்தபின் மாமியாரின் கையை அவள் தடுத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளையைத் தூக்கியபோது தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது, கரிக்காற்று ஏறியவர்களுக்கு வரும் சிவப்பு. ஆட்டுத்தோல் அங்கிக்குள் பிள்ளையைத் திணித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிழவியின் கக்கத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். அறைக்காற்று அவர்களோடு வெளியே வந்ததும் தலைக்கு மேலே கருவி வீலென்று அலறியது.

முற்றத்தில் கனிஷாய் முழங்காலில் விழுந்து பனியிலேயே வாந்தியெடுத்தாள். முக்காடு கழன்றுவிட்டது. அவள் அதைத் தேடவில்லை. பெர்மெத் பிள்ளையின் உள்ளங்காலைத் தட்டினாள், கன்னத்தைத் தட்டினாள். "அழுடா, என் ராசா, அழேன்டா!" பிள்ளை அழவில்லை.

கனிஷாய் கையூன்றித் தவழ்ந்து வந்து பிள்ளையின் முகத்துக்கு மேலே குனிந்தாள். நாற்பது நாள் கணக்கை அவள் பேசவில்லை. இரண்டு பெண்களும் தங்கள் மூச்சு குறுக்கே வராமல் வாயை இறுக்கிக்கொண்டு பார்த்தார்கள். பிள்ளையின் மூக்கிலிருந்து, நூல் அளவுக்கு, வெள்ளையாகக் கொஞ்சம் ஆவி வந்து குளிரில் கலைந்தது.

"வந்துச்சுடி," என்றாள் கனிஷாய். "இன்னொண்ணு வருதா பாரு."

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"வருது அத்தே," என்றாள் பெர்மெத்.