கிருஷாந்த் கேட்ட கேள்விகள்

என் தம்பி கிருஷாந்துக்கு ஊர்க்கதை என்றாலே ஆகாது. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் பக்கத்து வீட்டுக் கல்யாணம்கூடப் பந்தல் போட்ட பிறகுதான் அவனுக்குத் தெரியவரும். அப்படிப்பட்டவன் ரஷ்யாவுக்குப் போய், குண்டு விழுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, செல்லையா மாமாவின் மாடு கன்று போட்டுவிட்டதா என்று கேட்கிறான். எனக்கு மண்டைக்குள் ஏதோ அரித்தது.

சமையல் வேலை என்று சொல்லித்தான் ஏஜன்ட் அவனை அனுப்பினான். போய் இறங்கியதும் கரண்டிக்குப் பதிலாகத் துவக்கைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆரம்பத்தில் எப்போதாவது போனில் கோல் எடுப்பான். நல்லா இருக்கேன், வைக்கிறேன் என்பான், அவ்வளவுதான். பிறகு கோல் நின்றுபோய், மாட்டைப் பற்றி நான் அனுப்பியிருந்த வாய்ஸுக்குப் பதிலாக மெசேஜ் வந்தது. மைக் உடைந்துவிட்டது, நீ வாய்ஸ் அனுப்பு அக்கா என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்திருந்தான். அவன் எப்போதும் அடிப்பது அப்படித்தான்.

நானும் அனுப்பினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் சீட்டுக்கு நடந்த சண்டை, மழையால் ரப்பர் பால் வெட்டு நின்றது, சின்னம்மா மகள் மதுஷாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வடையை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போனது, எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வந்தது. மதுஷா அழுதாளா? அடுத்த மாப்பிள்ளை யார்? நான் மறந்தாலும் மறுநாள் அவன் ஞாபகப்படுத்துவான்.

கிருஷாந்துக்கும் மதுஷாவுக்கும் சின்ன வயதிலிருந்தே முகம் கொடுத்துப் பேச்சில்லை. அவள் கல்யாணத்தில் இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை? இதை அடிப்பது என் தம்பிதானா? அவன் இல்லையென்றால், அவன் எங்கே?

தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னால் முடியாது. அம்மாவிடம் மூச்சுவிடாமல் ஒரு வழி யோசித்தேன்.

எங்கள் தோட்டத்தில் வருஷா வருஷம் ரப்பர் மலைக்கு மேலே முனியாண்டிக்குக் கிடா வெட்டுவார்கள். ஆம்பிளைகள் மட்டும்தான் போவார்கள். அங்கேயே ஆக்கிச் சாப்பிட்டு, மிஞ்சியதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஒரு துண்டு கறி லயத்துக்கு வராது. பொம்பிளைகள் அதைத் தொடவே கூடாது. கிருஷாந்த், அப்பா உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியவன்.

போனை எடுத்து, "தம்பி, முனியாண்டிக்குக் கெடா வெட்டுனாங்க. ஒன் பங்கு கறிய வீட்டுக்குக் கொண்டாந்தாங்க. நான்தான் கொழம்பு வச்சேன்" என்றேன். சொல்லி முடித்ததும் பயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

என் தம்பியாக இருந்தால் ஒனக்குப் பைத்தியமா என்று கேட்பான். கெட்ட வார்த்தையில் திட்டினாலும் பரவாயில்லை, திட்டு வரவேண்டும் என்று அந்த முனியாண்டியையே வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பதில் வந்தது. எனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கக் கூடாதா அக்கா, உறைப்பாக வைத்தாயா என்று கேட்டிருந்தது.

நீங்கள் யார், என் தம்பி எங்கே என்று அனுப்பினேன். பார்த்துவிட்டதாகக் காட்டியது. இருட்டத் தொடங்கியபோது, உடைந்துபோனதாகச் சொன்ன அந்த மைக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. வடக்குப் பக்கத்துப் பேச்சு.

"அக்கா, நான் கஜீபன், முல்லைத்தீவு. அண்ணா இல்லை அக்கா. ட்ரோன் அடிச்சது. போனை என்ர கையில தந்து வீட்ட சொல்லச் சொன்னவர். சொல்லத்தான் திறந்தனான். நீங்கள் மாடு கண்டு போடேலாமக் கிடக்கெண்டு அனுப்பியிருந்தீங்கள். அது போட்டுதோ எண்டு தெரியாம எனக்கு இருக்கேலாமப் போச்சு. எனக்கு இப்பிடிக் கதை சொல்ல ஒருத்தரும் இல்லை. நாளைக்குச் சொல்லுவம் எண்டு எண்டே விட்டிட்டன்."

வாய் நிறைய வசவு வந்தது. அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டி ரெக்கோட் பண்ணினேன். அனுப்பாமல் அழித்தேன். அவனைத் திட்டினால் என் தம்பி எழுந்து வரவா போகிறான்? நம்பமுடியாமல் அந்தக் குரலை மறுபடி போட்டுக் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். அலறி விழுந்துவிடுவாள் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் அலறவில்லை. என் கையை விலக்கிவிட்டு, சுவரோடு சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"அவன் எந்தக் காலத்துலடி எனக்கு முழங்கால் வலி எப்பிடின்னு கேட்டிருக்கான்? தம்பி கேட்டான்னு நீ வந்து சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அவன் யாருன்னு நீ ஏண்டி கேட்ட?"