கழன்று வரும் கையுறை

கையுறை எங்கே கிடந்தாலும் வெங்கடசாமி அதைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் குனிவார். உள்ளே ஏதாவது இருந்துவிட்டால்?

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. அவரும் அப்பாதுரையும் பக்கத்துப் பக்கத்து டிரில்லிங் மெஷினில் நின்றவர்கள். இரும்புச் சுருள் கையைக் கிழிக்கிறதென்று அப்பாதுரை ஒருநாள் இறுக்கமான கையுறை மாட்டிக்கொண்டு வந்தான். சுற்றுகிற டிரில் அதன் நுனியைக் கவ்வியது. உதறிப் பார்த்தான், கழலவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே அறுந்து கிடந்த கையுறையை எடுத்தவர் வெங்கடசாமி. அது கனத்தது. அப்பாதுரை போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கனம் மட்டும் இவர் உள்ளங்கையை விட்டு இறங்கவேயில்லை.

இப்போது பேத்தி சுப்ரியாவுக்குக் கையுறை வேண்டும். சக்கரக் காலணியில் வேகப் பந்தயம் ஓடுகிறவள். கையுறை இல்லாமல் போட்டியில் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் வீணாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்டின் டவுனிலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவர்தான் சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினார்.

கடைக்காரர் தோல் வைத்துத் தைத்ததை எடுத்துப் போட்டார். "கையோட ஒட்டி நிக்கணும் சாச்சா. விழுந்தா மொதல்ல உள்ளங்கைதான் தரையில தேயும்."

விலை கூடினதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று வெங்கடசாமி நினைத்தார். கடைக்காரன் எவனையும் அவர் நம்பியதில்லை. ஒவ்வொன்றாகப் பேத்தி கையில் மாட்டி, விரல் நுனியைப் பிடித்து இழுத்தார். வராததையெல்லாம் தள்ளினார். ஒரு சைஸ் பெரியது ஒரே இழுப்பில் கழன்று வந்தது.

"இதான்" என்றார்.

"தொளதொளன்னு இருக்கு தாத்தா."

"மாட்டிக்கிச்சுன்னா கழண்டுரும். கை மிஞ்சும்."

"எதுல மாட்டும்? அங்க என்ன மெஷினா ஓடுது?"

அவர் பணத்தை எடுத்து வைத்தார்.

மறுநாள் பயிற்சி. வளைவில் சுப்ரியா இடப்பக்கம் சாய்ந்து, கை தரையை உரசுகிற மாதிரி வந்தாள். பின்னால் வந்தவளின் சக்கரம் இடித்தது. விழுந்து கையை ஊன்றினாள். கையுறை உரித்த தோல்போலக் கழன்று தூரப் போய் விழுந்தது.

மல்லாந்து கிடந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. மற்றப் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சக்கரங்களின் ஓசை டிரில் சுற்றுகிற ஓசையாகவே கேட்டது. அழுகிற பேத்தியிடம் போகாமல் வெங்கடசாமி அதன் முன்னால் போய் நின்றார். மிதித்தார். தட்டையாகத்தான் இருந்தது. நம்பாமல் குனிந்து எடுத்து, ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தார். காலி.

"தாத்தா, இங்க பாரு" என்றாள் சுப்ரியா. அவள் உள்ளங்கையில் தோல் இல்லை. ரத்தத்தில் மண் ஒட்டியிருந்தது.

சாயங்காலம் திரும்பவும் அதே கடை. கடைக்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "இறுக்கமானதக் குடு" என்றார் வெங்கடசாமி. மறுபடி இழுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

புண் ஆறி, போட்டி நாள் வந்தது. மணிக்கட்டுப் பட்டையை அவரே கட்டினார்.

"இன்னும் இறுக்கு."

இறுக்கினார். சக்கரங்களின் ஓசை கிளம்பியது. எந்தப் பிள்ளை முந்துகிறது என்று அவர் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு தரையை ஒட்டி வருகிற கறுப்புக் கையுறை போட்ட அந்த ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவதாக வந்தாள். மூச்சிரைக்கக் கையை நீட்டினாள். "கழட்டு தாத்தா."

நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. களைத்த கையின் பாரம் முழுக்க அவர் உள்ளங்கையில் இறங்கியது. அந்தக் கனம் அவருக்குத் தெரியும். சட்டென்று விட்டுவிட்டார்.

"புடிச்சு இழு, என்ன பயம்?"

கையுறைக்குள்ளிருந்து விரல்கள் மடங்கி அவர் விரலைப் பற்றின.

"இரு" என்றார் வெங்கடசாமி. "கொஞ்ச நேரம் அப்படியே இரு."