நங்கூரம் கம்பனியின் பொற்காலம்

லொறி ஓட்டியவர்களுக்குக் கடைசிக் காலத்தில் பேனை பிடிக்கும் ஆசை வந்தால் என்ன நடக்கும் என்பதை பேர்ணடெற் அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணாரக் கண்டாள். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், மர்ஸூக்கின் அச்சகத்து மேல்மாடியில், புரூஃப் பார்க்கிற மேசைமேல் அறுபத்து நாலு பக்கம் அவளுக்காகக் காத்துக் கிடந்தது. 'நினைவுச் சக்கரங்கள்', நங்கூரம் லொறிக் கம்பனியின் பழைய ஊழியர் ஒன்றுகூடல் மலர், 1998.

அந்தக் கம்பனி மூடி ஏழு வருடமாகிறது. கொச்சிக்கடையில் துறைமுகத்து மதிலோடு ஒட்டியிருந்த அதன் முற்றத்தை விற்றுவிட்டு முதலாளி றேமண்ட் வெள்ளவத்தையில் கடல் பார்த்த வீடொன்றில் குடியேறிவிட்டார். ஒன்றுகூடலும் அங்கேதான், ஒரு கலியாண மண்டபத்தில், வருகிற ஞாயிறு. பேர்ணடெற்றுக்கு அழைப்பு வரவில்லை. அவளுடைய கணவன் சிறில் அதே கம்பனியில் பதினாலு வருடம் லொறி ஓட்டியவன். 1990இல் வடக்கே மா மூட்டை ஏற்றிக்கொண்டு போனவன் வவுனியாவுக்கு அப்பால் லொறியோடு எரிந்துபோனான். யார் கொளுத்தியது என்று கேட்டால் இராணுவமும் இயக்கமும் ஒன்றையொன்று கை காட்டின.

அவள் சிவப்புப் பேனையை எடுத்து முதற் பக்கத்தைத் திருப்பினாள். முதலாளியின் ஆசிச் செய்தி. அரைப் பக்கத்துக்கு அவருடைய படம், மிச்சத்துக்கு அவருடைய பாசம். 'என் சாரதிகள் என் பிள்ளைகள்.' பிள்ளைகளைக் கந்தோருக்குள்ளே கதிரையில் இருக்கவிடாத தகப்பன். எண்ணெய் பிடித்துவிடும் என்று வாசலில் நிற்கவைத்தே பேசுவார்.

அதற்கு அடுத்த பக்கங்களில் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணீர் விட்டார்கள். டீசல் மணம் தனக்குச் சாம்பிராணி மாதிரி என்று ஒருவர் எழுதியிருந்தார். முப்பது வருடத்தில் ஒரு கோழிக்கும் சேதம் செய்யவில்லை என்று செபஸ்தியன் எழுதியிருந்தார். கோழிக்குச் செய்யவில்லைதான். மருதானையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் முன்பக்கத்தை அவர் முழுதாக உள்ளே தள்ளிய அன்று, முதலாளி அவருக்குச் சொன்ன வார்த்தைகளைச் சிறில் வீட்டில் வந்து சொல்லிக் காட்டவே கூச்சப்பட்டான். பேலியகொடைப் பாலத்தடித் தேநீர்க் கடைக்கு மட்டும் நான்கு கட்டுரை. அந்தத் தேநீர் எவ்வளவு கழுநீர் என்று சிறிலோடு வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் திட்டியவர்கள் இவர்கள்தான்.

இப்படி மனதுக்குள் சிரித்துக்கொண்டே, ஒற்றெழுத்தும் முற்றுப்புள்ளியும் போட்டுக்கொண்டே போனவள் பத்தொன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

'எம்மை விட்டுப் பிரிந்தோர்' என்று தலைப்பு. பதினொரு பேர். பத்துப் பேருக்கு 'இறைவனடி சேர்ந்தார்.' பதினோராவது இப்படி இருந்தது: 'சாரதி சிறில், தமது முறையல்லாத வண்டியை நிர்வாகத்தின் அனுமதியின்றி வடக்கே கொண்டு சென்று உயிரிழந்தார்.'

எட்டு வருடத்துக்கு முன் கம்பனிக் கடிதத்தில் வந்த அதே வசனம். ஒரு சொல் மாறவில்லை.

அந்த வசனம் கம்பனிக்குக் கையைக் கழுவ உதவிய தண்ணீர். பேர்ணடெற்றுக்கு அது வேறொன்றைச் செய்தது. அனுமதியில்லாமல் ஒரு தமிழ் டிரைவர் லொறி நிறையச் சாமானோடு வடக்கே போனான் என்றால், யாருக்குக் கொண்டு போனான்? பொலிஸ் மூன்று தரம் வீட்டுக்கு வந்தது. கட்டில் மெத்தையைக் கிழித்துப் பார்த்தார்கள். அவளுடைய தம்பியைக் கொண்டுபோய்ப் பதினேழு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை. சிறிலுக்காகப் பூசை கேட்கப் போனபோதுகூட, பங்குக் கோயிலில் இரண்டொருவர் தள்ளித்தான் இருந்தார்கள். செத்தவனுக்காக அழ வேண்டிய நாட்களில் அவன் களவெடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவளுக்குத் தொண்டை காய்ந்தது.

உண்மை அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். கந்தோர்ச் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் லொறிக்கு ஒரு ஆணி. ஒவ்வொரு டிரைவருக்கும் இலக்கம் போட்ட தகரத் தகடு ஒன்று. திங்கட்கிழமை கிளாக்கர் அந்தக் கிழமை முறையைப் புத்தகத்தில் எழுதி, அதன்படி தகடுகளை ஆணியில் மாட்டுவார். புத்தகத்தில் எழுதியதை யாரும் மாற்ற முடியாது. மாற்றச் சொன்னால் கிளாக்கர் ஒரு நாள் முழுதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆகவே, ஒருவன் வீட்டில் கலியாணம் என்றாலோ காய்ச்சல் என்றாலோ அவன் கிளாக்கரிடம் போவதில்லை. இன்னொருவனிடம் கேட்பான், இரண்டு பேரும் ஆணியில் தகட்டை மாற்றிக் கொழுவுவார்கள், காரியம் முடிந்தது. எவன் தகடு ஆணியில் தொங்குகிறதோ அவன் கையில்தான் அந்த லொறியின் திறப்பு. கிழமைக்கு நான்கு தரமாவது அது நடக்கும். றேமண்டே அந்தப் பலகையைத் தாண்டும்போது, "இண்டைக்கு ஆற்ற முறைய ஆரடா ஓடுறான்?" என்று கேட்டுச் சிரிப்பார்.

லொறி எரிந்த மறுநாள் பலகையைக் கழற்றிவிட்டு, புத்தகத்தை மட்டும் பொலிசுக்குக் காட்டினார்கள். புத்தகத்தில் அந்த நாளுக்கு இருந்த பெயர் நிக்கலஸ்.

பேர்ணடெற் கையிலிருந்த பேனையைப் பார்த்தாள். அந்த வசனத்தை வெட்டிவிட்டு மேலே நாலு சொல் எழுத அரை நிமிடம் போதும். வந்து புரூஃப் பார்க்கிறவர்களும் வரி வரியாக வாசிப்பதில்லை. ஆனால் அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்துப் பிழையை அவள் திருத்தலாம், விஷயத்தைத் தொடக்கூடாது. விஷயம் மாறுவதென்றால் வாடிக்கைக்காரர் தன் கையால் புரூஃப் தாளில் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். ஒரு மரண அறிவித்தலில் உயிரோடிருக்கிற மகனைச் சாகடித்த பிறகு மர்ஸூக் போட்ட சட்டம் அது. தவிரவும், அவள் எழுதினால் அது ஒரு விதவை எழுதியதாகத்தான் இருக்கும். அதை அவள் எட்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

அவள் திரும்பவும் ஏழாம் பக்கத்துக்குப் போனாள். மலர்க்குழுச் செயலாளர் நிக்கலஸ் எழுதிய கட்டுரை. முதல் வாசிப்பில் கொம்பும் காலும் மட்டும் பார்த்துக்கொண்டு கடந்துவிட்டிருந்தாள். இப்போது சொல் சொல்லாக வாசித்தாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

பதினொரு மணிக்குப் புரூஃப் பார்க்க வருவதாகச் சொன்ன செயலாளர் பன்னிரண்டரைக்கு வந்தார். வெள்ளைச் சேட், பொன் விளிம்புக் கண்ணாடி, கையில் தோல் பை. லொறி ஓட்டிய வயிற்றுக்கு இப்போது லொறி ஆசனமே போதாது.

"கொச்சிக்கடைச் செக்பொயின்ற்ல இறக்கி வைச்சிட்டாங்கள்," என்று படியேறும்போதே சொன்னார். "பைக்குள்ள என்ன, பைக்குள்ள என்ன எண்டு... ஆமிக்காரனுக்கு மலர் தம்பி எண்டு சொன்னால், அப்ப பூ எங்க எண்டு கேக்கிறான்." அப்போதுதான் மேசைக்குப் பின்னால் இருப்பவளைக் கண்டார். "அட! பேர்ணடெற் அக்கா. நீங்களோ இங்க?"

"ஏழு வருசமா இங்கதான். இருங்கோ. கதிரையில இருக்கலாம், இது நங்கூரம் கம்பனி இல்ல."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டு இருந்தார்.

"உங்கட கட்டுரை வாசிச்சனான் நிக்கலஸ். 'பொற்காலம்' எண்டு பதினேழு தரம் வருது. எண்ணினனான்."

"கூடிப்போச்சோ? வேணுமெண்டால் ரெண்ட வெட்டுங்கோவன்."

"அது உங்கட விருப்பம். எனக்கு வேற ஒரு சந்தேகம்." ஏழாம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இதில நீங்கள் எழுதியிருக்கிறியள். 'தகடு மாற்றுவது எங்கள் அன்பின் அடையாளம். முதலாளி அதைக் கண்டும் காணாததுபோல் சிரிப்பார். கோயிலில் என் மகளின் புதுநன்மைச் சடங்குக்கு முதல் நாள் என் முறை வடக்கே விழுந்தது. ஒரு நண்பன் தன் தகட்டை என் லொறி ஆணியில் மாட்டினான். அதுதான் எங்கள் கம்பனி!' வடிவான எழுத்து." பத்தொன்பதாம் பக்கத்தைப் பக்கத்தில் வைத்தாள். "இதில அனுமதியில்லாமல் கொண்டு போனதெண்டு இருக்கு. எது சரி? ரெண்டும் ஒரே புத்தகத்தில வரேலாது. புரூஃப் பாக்கிறவள் கேக்க வேண்டிய கேள்வி இது."

நிக்கலஸ் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்தொன்பது நான் எழுதேல்ல அக்கா. அது முதலாளி வீட்டில இருந்து வந்தது. பழைய கதை, இப்ப ஏன்..."

"அறுபத்து நாலு பக்கமும் பழைய கதைதானே. இது மட்டும் ஏன் கசக்குது?"

அவர் எழும்பி மூலையிலிருந்த டெலிபோனுக்குப் போய் முதலாளி வீட்டு இலக்கத்தைச் சுழற்றினார். அடுத்த மேசையில் கணினியில் எழுத்துக் கோர்க்கிற லுத்பியா தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்டது. "ஓம் சேர்... நிக்கலஸ்தான்... இல்ல சேர், அச்சகத்தில... அவவேதான் சேர். வேலை செய்யிறா... ஓம் சேர்... ஓம் சேர்... விளங்குது சேர்." ஐம்பத்தைந்து வயது மனிதர் டெலிபோனுக்கு முன்னால் முதுகை வளைத்து நின்றார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "பிரச்சினை முடிஞ்சுது அக்கா. அந்த வரிய முழுக்க எடுத்துவிடட்டாம். பேரே வேண்டாமாம். பத்துப் பேர் போதுமாம்."

"பதினாலு வருசம் ஓடின மனிசன் கம்பனியிலயே இருக்கேல்ல எண்டு."

"பொய் இல்லையே. ஒண்டும் எழுதாமல் விட்டால் அது பொய் இல்லத்தானே."

பேர்ணடெற் அந்தத் தாளை அவரிடம் தள்ளினாள். அவர் வரியை வெட்டி ஒப்பம் வைத்தார். எவ்வளவு சுறுசுறுப்பு! அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். எட்டு வருடமாக அவளைத் தின்ற வசனம் ஒரே கோட்டில் போயிற்று. கூடவே சிறிலும் போனான். அதற்காகச் சந்தோசப்பட அவளால் முடியவில்லை.

"இப்ப ஏழாம் பக்கம்," என்றாள். "'ஒரு நண்பன்' எண்டிருக்கு. ஆர்?"

"அது... பொதுவா எழுதினது."

"மகளின்ர புதுநன்மையும் பொதுவாத்தான் நடந்ததோ?"

"அக்கா..."

"பேர் இல்லாத நண்பனை வாசிக்கிறவைக்கு விளங்காது. உங்கட மகள் கனடாவில இருந்து வாசிப்பாள். அண்டைக்கு வெள்ளைச் சட்டை போட்டு நிண்டவள். ஆர் அப்பா அந்த நண்பன் எண்டு கேப்பாள். என்ன சொல்லுவியள்?"

நிக்கலஸ் கண்ணாடியைக் கழற்றினார். குரல் தாழ்ந்தது. "சொல்லியிருந்தால் என்னையும் பிடிச்சிருப்பாங்கள். தன்ர முறைய மாத்தி அனுப்பினவன் எண்டு... உங்கட தம்பிய வைச்சிருந்தவங்கள் எல்லே? எனக்கு மூண்டு பிள்ளையள்."

"தெரியும். அந்த மாதம் நீங்கள் வாய் திறக்காததை நான் குற்றம் சொல்லேல்ல. மற்ற எட்டு வருசம்?"

அவர் கண்ணாடியைச் சேட் நுனியில் துடைத்தார். "பயம் விட்ட பிறகு பழக்கமாப் போச்சு," என்றார்.

அன்று காலையிலிருந்து அவள் வாசித்த பக்கம் ஒன்றிலும் இல்லாத ஒரு உண்மை அது. அதற்காக அவர்மேல் இரக்கம் வந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. பேனையைத் திருப்பிப் பிடித்து நீட்டினாள்.

"நான் எழுதக்கூடாது. நீங்கள்தான் எழுத வேணும்."

"முதலாளி பாத்தால்?"

"அவர் தன்ர படம் இருக்கிற பக்கத்துக்கு அங்கால போகமாட்டார். அது உங்களுக்கும் தெரியும்."

லுத்பியா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நிக்கலஸ் பேனையை வாங்கினார். 'ஒரு நண்பன்' என்பதை வெட்டினார். மேலே 'சிறில்' என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, போதுமா என்பதுபோல் பார்த்தார்.

"முழு வசனமா," என்றாள் பேர்ணடெற்.

லொறி ஓட்டியபோது எந்த மேட்டிலும் நிற்காத கை அந்த ஓரத்து வெள்ளையில் நின்று நின்று போனது. 'அன்று என் முறை. நான் கேட்டபடியால் சாரதி சிறில் தன் தகட்டை என் ஆணியில் மாட்டி என் லொறியைக் கொண்டு போனார். 1990 ஜூன் 9, சனி. அவர் திரும்பி வரவில்லை.' கீழே ஒப்பமும் திகதியும். அவர் தன் வாழ்நாளில் எழுதிய நல்ல தமிழ் அவ்வளவுதான். அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு எழும்பியவர் படியருகே தயங்கி நின்றார். "அக்கா, என்னை நீங்கள் மன்னிச்சு..."

"அது அச்சகத்தில அடிக்கிற சாமான் இல்ல, நிக்கலஸ். கோயில் அஞ்சு நிமிச நடை. படியப் பாத்து இறங்குங்கோ, ரெண்டாவது ஆடும்."

அவர் இறங்கிப் போகும் சத்தம் அடங்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு அந்தத் தாளை லுத்பியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்த கையை உடனே எடுக்க மனம் வராமல் தாளின் ஓரத்தில் வைத்துக்கொண்டே நின்றாள்.

லுத்பியா திருத்தத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அன்ரி, மூணு வரி கூடிட்டு. பக்கத்துக்குள்ள நிக்காது. இந்த வரிகள மட்டும் சின்ன எழுத்தில போடட்டா?"

"அதைத் தொடாதை பிள்ளை," என்றாள் பேர்ணடெற். "மற்றதுகளைச் சின்னதாக்கு."