தொண்ணூற்றொன்பது போதாது

கணக்காளர் உரிமம் என்றால் ஏதோ ஒரு பரீட்சை எழுதி வாங்கிவிடுகிற காகிதம் என்று என் தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு பரீட்சை இல்லையப்பா, நாலு. அந்த நாலையும் நாற்பத்திமூன்று வயதில், டயர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே தாண்டினேன். அதோடு விடுமா எங்கள் ஒஹையோ மாநிலம்? கல்லூரிப் படிப்பில் நூற்றைம்பது கிரெடிட் இருக்க வேண்டும். உரிமம் உள்ள ஒருவரிடம் முழுசாக ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், அதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலைக்கு லோர்னா பெக்டலிடம் சேர்ந்தேன். அறுபத்தொன்பது வயது, ஊரிலிருக்கும் பாதிப் பண்ணைகளுக்கு அவள்தான் கணக்கு. ஆபீஸில் மொத்தம் மூன்றே பேர்: லோர்னா, நான், வாசல் மேசையில் ஜோலீன். ஏப்ரல் பதினைந்து வரிக் கெடு முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது என்பது லோர்னாவின் சட்டம். சொந்தக் கல்யாணத்தையே மே மாசத்துக்குத் தள்ளிப்போட்ட மனுஷி அவள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

கிரெடிட்டில் நான் மூன்று குறைவு. நூற்றி நாற்பத்தேழு. பரீட்சை நாலும் தேறியாயிற்றே, மூன்றுதானே, உரிமம் கொடுக்கிற வாரியம் கண்டுகொள்ளாமல் விடாதா என்று லோர்னாவிடம் கேட்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தாள்.

"முக்கால் கிணறு தாண்டுறவ எங்க விழுவா, சொல்லு?"

"கிணத்துக்குள்ள."

"அவ்வளவுதான். நூத்தி நாப்பத்தொம்பதே இருந்தாலும் அது நூத்தம்பது இல்ல. குறைஞ்சா குறைஞ்சதுதான். போய்ப் படி."

எந்தப் பாடமானாலும் பரவாயில்லை, கிரெடிட் கிரெடிட்தான். சமுதாயக் கல்லூரியில் என் நேரத்துக்கு ஒத்து வந்தவை மூன்று: மண்பானை வனைவது, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங், வானியல். பானை வகுப்பில் இடமில்லை. பௌலிங்குக்கு என் முட்டி ஒத்துழைக்காது. ஆக, நட்சத்திரம் எது கோள் எது என்று தெரியாத நான் வானியலில் போய் உட்கார்ந்தேன். ஜோலீன் ஒரு வாரம் சிரித்தாள்.

"ஏண்டி, சனி கிரகத்துக்கும் வரிக் கணக்கு போடப் போறியா?"

வாத்தியார் பெயர் ஃபிஸ்க். பஞ்சுத் தாடிக்காரர், சட்டையில் எப்போதும் டோனட் சர்க்கரை ஒட்டியிருக்கும். முதல் நாளே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இந்த வகுப்புல பரீட்சை ஒண்ணே ஒண்ணுதான். ஏப்ரல் எட்டு, திங்கக்கிழமை, முழு சூரிய கிரகணம். முழு நிழலுக்குள்ள என்கூட நின்னு பாக்கணும். பாத்ததை எழுதித் தரணும். வராதவங்க ஃபெயில்."

ஏப்ரல் எட்டு! கெடுவுக்கு ஒரு வாரம். நான் ஆபீஸில் சேர்ந்தது போன வருஷம் ஏப்ரல் பத்தொன்பது. ஒரு வருஷம் நிறைய அன்றைக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கும். அன்றைக்கு லீவு கேட்டு லோர்னா என்னை வெளியே அனுப்பிவிட்டால் ஒரு வருஷ வேலையும் வீண். வேறு இடத்தில் முதலிலிருந்து. கேட்காவிட்டால் கிரெடிட் போச்சு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதுதான்.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன். லோர்னா பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் பென்சிலைக் கீழே வைத்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"நம்ம ஊர்லயே தெரியுமாமே கிரகணம். கார் நிறுத்துற இடத்துல நின்னு பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல உள்ள வா."

"இங்க முழுசாத் தெரியாது, லோர்னா. நிழல் இருபது மைல் தள்ளி, மேரியன் பக்கமாப் போகுது. இங்க தொண்ணூத்தொம்பது சதவீதம்தான்."

"தொண்ணூத்தொம்பது பத்தாதாக்கும்? ஒரு சதவீதம் வித்தியாசத்தை ஆடிட்டர்கூடப் பொருட்படுத்த மாட்டான்டி!"

எனக்கு நாக்கில் சனி. சும்மா இருந்திருக்கலாம்.

"முக்கால் கிணறுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜோலீன் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டாள். லோர்னாவின் கழுத்து சிவந்தது.

"போ. தாராளமாப் போ. ஆனா திங்கக்கிழமை அந்த நாற்காலி காலியா இருந்துச்சுன்னா, செவ்வாக்கிழமையும் அது காலியாவே இருக்கட்டும்."

அந்த வாரம் முழுவதும் நான் தூங்கினேன் என்று சொன்னால் பொய். போகாமல் இருந்தால், அடுத்த பருவத்தில் வேறு பாடம் எடுத்துக் கிரெடிட்டைத் தேற்றிக்கொள்ளலாம், வேலையாவது தங்கும். புத்தி அதைத்தான் சொன்னது. ஆனால் அவள் அந்த நாற்காலியைக் காட்டிய விதம் இருக்கிறதே, அது என்னைச் சுட்டுவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள் மாதிரி நானும் ஆகப்போகிறேனா? திங்கட்கிழமை காலை வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டுதான் போனேன்.

மேரியனைத் தாண்டி ஒரு தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடம். சுற்றிலும் போன வருஷத்துச் சோளத்தட்டை அடிக்கட்டையாக நிற்கிற வயல். சபைப் பெண்கள் மேசை போட்டு ஹாட் டாக்கும் 'ஆப்பிள் பை' பலகாரமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அட்டைக் கண்ணாடியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபிஸ்க் ஒவ்வொருவராகப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தார்.

"படம் எடுக்காதீங்க, போன்ல வெறும் வெள்ளைப் புள்ளிதான் விழும். வேணும்னா சத்தத்தைப் பதிவு பண்ணிப் பையில போட்டுக்கோங்க. கண்ணு ரெண்டும் மேல இருக்கணும்."

சூரியனைச் சந்திரன் கடிக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் மெதுவாகக் கடித்தது. உள்ளபடி சொல்கிறேன், எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பிஸ்கட்டைக் கடித்த மாதிரி இருந்தது. இதற்கா வேலையை விட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு லோர்னாவிடமிருந்து செய்தி: 'ஹாஃப்மேன் மூணு மணிக்கு வர்றார். அவர் ஃபைல் எங்கே?' இடது அலமாரி, இரண்டாவது தட்டு என்று பதில் அனுப்பினேன். எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சத்தப் பதிவை அழுத்திவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

அப்புறம்தான் வெளிச்சத்துக்கு என்னவோ ஆயிற்று. சாயங்கால மஞ்சள் இல்லை, மேகமூட்டமும் இல்லை. நிறம் வடிந்துபோன ஒரு வெளிச்சம். என் கையைப் பார்த்தால் யாருடைய கையோ போலிருந்தது. சில்லென்று காற்று வீசியது. தேவாலயத்துக் கூரையில் கத்திக்கொண்டிருந்த குருவிகள் பட்டென்று வாயை மூடிக்கொண்டன. பள்ளத்துத் தண்ணீரில் தவளைகள் இரவு என்று நினைத்துக் கத்த ஆரம்பித்தன.

"இது தொண்ணூத்தொம்பது!" என்று ஃபிஸ்க் கத்தினார். "இன்னும் பகல்தான், பாத்தீங்களா? இருங்க... இருங்க... இப்போ! கண்ணாடியைக் கழட்டுங்க!"

கழற்றினேன்.

ஐயோ, அதை நான் எப்படிச் சொல்வேன்! மேற்கிலிருந்து இருட்டு வயல்மேல் ஓடி வந்து எங்களை மூடியது. சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவு கறுப்பை நான் பார்த்ததே இல்லை. அதைச் சுற்றி வெள்ளி இழைகள் நாலாபக்கமும் விரிந்து நின்றன. உயிருள்ளது ஏதோ நம்மைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வட்டத்தின் அடியில் ரத்தினக்கல் பதித்தது போல் ஒரு சிவப்புப் பொட்டு. அது சூரியனின் நெருப்பாம். பக்கத்தில் வீனஸ், பட்டப்பகலில், கூசாமல் மின்னியது. சுற்றித் திரும்பினால் அடிவானம் முழுக்க, எட்டுத் திசையிலும், அந்தி.

ஜனங்கள் அலறினார்கள். ஆப்பிள் பை விற்ற அம்மாள் முழங்காலில் விழுந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உரிமமாவது மண்ணாங்கட்டியாவது! லோர்னாவும் வாரியமும் எந்த உலகத்திலோ இருந்தார்கள். இவ்வளவு காலமும் என் தலைக்கு மேலேயே இது இருந்திருக்கிறது, நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமே இல்லாமல் அழுதேன்.

ஓரத்தில் வைரம் போல் ஒரு பொறி வெடித்தது. பகல் திரும்பி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், யாருக்கு என்று தெரியவில்லை. ஃபிஸ்க் தன் வேனின் படியில் உட்கார்ந்து தாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குப் போனேன், சாமான்களை எடுத்து வர ஒரு அட்டைப்பெட்டியோடு. ஜோலீன் வாசலிலேயே கையைப் பிடித்துக் குசுகுசுத்தாள்.

"நேத்து மூணு பத்துக்கு லோர்னா வெளிய வந்தாங்கடி. விளக்குக் கம்பத்துக்குக் கீழ நின்னு பாத்துட்டு, 'அவ்வளவுதானா?'ன்னாங்க. உள்ள போயிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் பென்சிலையே தொடல."

லோர்னா நிமிராமலே கேட்டாள்.

"பாத்தியா உன் கிரகணத்தை?"

"பாத்தேன்."

"நாங்களும்தான் பாத்தோம். கொஞ்சம் மங்குச்சு. தெரு விளக்குகூட எரியல. நீ என்னத்தை அதிகமாப் பாத்துட்டே, சொல்லேன்."

கறுப்பு, வெள்ளி, சிவப்பு என்று சொன்னால் அது அதுவா? போனை எடுத்து அவள் மேசைமேல் வைத்துப் பதிவைப் போட்டேன்.

முதலில் குருவிகள். ஒரு குழந்தை ஐஸ் கேட்கிறது. காற்று. குருவிகள் நின்றுபோகின்றன. தவளைகள். ஃபிஸ்க்கின் கத்தல். அப்புறம் அந்த அலறல், இருநூறு பேர் ஒன்றாக. அதற்கு நடுவில் ஒரு பொம்பளை "ஐயோ, ஐயோ" என்று விம்மி விம்மி அழுகிற சத்தம்.

"யாரது?" என்றாள் லோர்னா.

"நான்தான்."

என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கம் அடுத்தது எப்போ?"

"ஒஹையோவுலயா? ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

லோர்னாவுக்குக் கழித்தல் கணக்குப் போட ஒரு நொடி போதும். போட்டாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. சன்னல் வழியே அந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள்.

"இருபது மைல்," என்றாள் மெதுவாக. "வெறும் இருபது மைல் தூரத்துல நின்னிருக்கேன்."

எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. அவள் என் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"அதைக் குப்பையில போடு. ஹாஃப்மேன் கணக்கு பாதியில நிக்குது. நேத்து லீவுன்னு எழுதிக்கிறேன், அதனால உன் வருஷம் ஒரு நாள் தள்ளித்தான் முடியும். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் கையெழுத்துப் போடுறேன். காலையில வந்து நிக்காத. குறைஞ்சா குறைஞ்சதுதான்."

"சரி, லோர்னா."

"போனை இங்கயே விட்டுட்டுப் போ. மத்தியானம் தர்றேன்."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அன்று காலை முழுக்கத் தவளைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஜோலீன் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

கெடு முடிந்தது. நான் எழுதித் தந்ததைப் படித்து ஃபிஸ்க் பாஸ் போட்டுவிட்டார். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குப் படிவத்தை நீட்டினேன். லோர்னா வரி வரியாகப் படித்தாள், தேதியை இரண்டு தரம் சரிபார்த்தாள், தன் உரிம எண்ணை எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தக் கையெழுத்துக்காக ஒரு வருஷம் ஏங்கியவள் நான். என் கை காகிதத்துக்கு நீண்டது. அவள் அதை விடவில்லை.

"வேற எங்கயும் வராதா?"

"எது?"

"அதான்டி. உன்னை அழ வெச்சது."

"ஸ்பெயின்ல வருது. ரெண்டாயிரத்து இருபத்தாறு, ஆகஸ்ட்."

"ஆகஸ்ட்," என்று சொல்லிப் பார்த்தாள். "ஆகஸ்ட்ல நமக்கு வேலை குறைவுதான்." காகிதத்தை இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தாள். "அங்க நூறா வருது? நல்லாப் பாத்துச் சொல்லு. தொண்ணூத்தொம்பதுன்னா நான் வரல."

"நூறு, லோர்னா."

காகிதத்தை விட்டாள்.