திருப்பிக் கொடுத்த கவர்

அப்பாவின் உயிர் பிரிந்து ஐந்து மணி நேரமாகியிருந்தது. அவள் கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தபோது பெரியப்பா போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"வண்டி வர பத்து நிமிஷம் லேட்டாகுமாம்."

"லேட்டா வந்தா உங்க தம்பி திருப்பி அனுப்பிடுவாரே," என்றாள் சித்தி.

இரண்டு பேர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. காலையிலிருந்து அழவும் இல்லை. அதுதான் மகளைப் பயமுறுத்தியது. இப்படியே அப்பாவை அனுப்பிவிடக் கூடாது.

அப்பா சுகாதாரத் துறையில் கொள்முதல் அதிகாரி. வெளிநாட்டு உதவிப் பணத்தில் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்குவது அவர் வேலை. பணம் கொடுத்தவர்களின் விதி ஒன்று உண்டு. நேரம் கடந்து வந்த டெண்டர் கவரைப் பிரிக்கக் கூடாது. ஒட்டியபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆக்சிஜன் மிஷின் வாங்கிய வருடம் அப்படி ஒரு கவர் வந்தது. அம்மாவின் தம்பி கொண்டுவந்தது. பத்து நிமிடம் தாமதம். மைத்துனர் என்பதால் விலை பார்க்கும் குழுவிலிருந்து அப்பா முன்பே எழுதிக் கொடுத்து விலகியிருந்தார். கவரைத் திருப்பிக் கொடுத்தது மட்டும் அவர் கையால். அந்த வருடமே மாமா கம்பெனியை மூடினார். அதற்குப் பிறகு அம்மா அப்பாவுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் தேவைக்கு.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே ஓடியது அந்த மிஷின்களில் ஒன்றுதான். பக்கவாட்டில், உதவிய நாட்டின் கொடி பாதி உரிந்திருந்தது.

"நாங்க வாங்கினதும்மா. சத்தமே இல்ல பாரு," என்றார் அப்பா.

ஒரு ராத்திரிகூட அது நிற்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் போனபோது அவள் அதைத் தொட்டு, நன்றி என்று மெல்லச் சொன்னாள்.

இப்போது மாமா கூடத்துக்குள் வந்தார். அப்பாவின் காலருகே வெகுநேரம் நின்றார்.

"பாத்துக்கோ," என்றாள் அம்மா. "ஒரு பத்து நிமிஷம் உனக்கு விட்டிருந்தா இவர் குடியா முழுகிப் போயிருக்கும்?"

"என் குடி முழுகியிருக்கும்க்கா."

சித்தி விசிறியை நிறுத்தினாள்.

"அந்தக் கவர்ல இருந்த அனுபவச் சான்றிதழ் பொய்," என்றார் மாமா. "நாங்க ஒரு ஆக்சிஜன் மிஷின்கூட வித்ததில்ல. முந்தின நாள் அத்தான்கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன். பிரிச்சிருந்தா ஜெயிலுக்குத்தான் போயிருப்பேன்."

அம்மா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஏதோ லேட்டாப் போனதால தப்பிச்சேன்னு சொல்லு."

"இல்லக்கா." மாமா அப்பாவின் பாதத்தில் கை வைத்தார். "நான் அரை மணி முன்னாடியே ஆபீஸ் கேட்ல நின்னேன். அத்தான்தான் வந்து, வாய்யா டீ குடிக்கலாம்னு கூட்டிட்டுப் போனார். ரெண்டாவது டீ சொன்னப்ப எனக்குப் புரிஞ்சுது. மெதுவாவே குடிச்சேன்."